சரியாகப் பூஜ்யம்

அந்த ஞாயிற்றுக்கிழமை சேலம் அஸ்தம்பட்டியில் செஸ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி நோட்டோடு என்னிடம் வந்தாள். "அண்ணா, உங்க மல்கோவா மறுபடியும் யானையைச் சும்மா கொடுத்துடுச்சுங்கண்ணா."

மல்கோவா என்பது நான் மூன்று வருடமாக எழுதிவரும் செஸ் என்ஜின், அதாவது செஸ் ஆடும் கம்ப்யூட்டர் நிரல். பகலில் வேறு வேலை, ராத்திரியில் இது. வீடு அம்மாபேட்டையில். கீழே அப்பாவின் தறி, மேலே என் கம்ப்யூட்டர். குகேஷ் 2024 டிசம்பரில் உலக சாம்பியன் ஆன பிறகு வகுப்பில் பிள்ளைகள் கூட்டம் அதிகமானது. ஜோடி சேராத பிள்ளைக்கு எதிராளியாக இருக்கட்டும் என்று மாஸ்டர் கேட்டதால், ஒரு பழைய லேப்டாப்பில் மல்கோவாவைப் போட்டு வகுப்பில் வைத்தேன். முழுப் பலத்தோடு ஆடினால் பிள்ளைகளுக்கு மனசு விட்டுப்போகும் என்பதால், மல்கோவாவின் குதிரை ஒன்றை ஆரம்பத்திலேயே பலகையிலிருந்து எடுத்துவிடுவார். ஆளுக்கு ஐந்து நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று வினாடி கூடுதல்.

அவள் நோட்டில் 27-வது நகர்வைக் காட்டினாள். மல்கோவா கறுப்பு. அதன் யானை டி2 என்ற கட்டத்தில் வந்து நிற்கிறது, நல்ல இடம். அங்கிருந்து எஃப்2-வில் இருந்த சிப்பாயை எடுத்திருக்கிறது. பக்கத்திலேயே ஜி1-ல் வெள்ளை ராஜா. அவள் ராஜாவை வைத்து யானையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு செக்கும் இல்லை, மிரட்டலும் இல்லை. ஒரு சிப்பாய்க்கு ஒரு யானை போனது.

மாஸ்டர் அந்த நிலையைப் பலகையில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். "மெஷின் சும்மா கொடுக்காது தம்பி, நமக்குத் தெரியாத ஏதோ பிளான் இருக்கும்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. 1997 மே 3-ம் தேதி நியூயார்க்கில் ஐபிஎம்மின் செஸ் கம்ப்யூட்டர் டீப் ப்ளூவுக்கும் அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவுக்கும் நடந்த போட்டியின் முதல் ஆட்டத்தில், 44-வது நகர்வாக டீப் ப்ளூ தன் யானையை டி1-க்குக் கொண்டுபோனது. யாருக்கும் புரியாத நகர்வு. அந்த ஆட்டத்தில் காஸ்பரோவ்தான் ஜெயித்தார். ஆனாலும் அவர் பக்கத்தில் அந்த நகர்வுக்கு ஆழமான காரணம் ஒன்றைத் தேடினார்கள். அது நிரலில் இருந்த பிழை என்று டீப் ப்ளூவை உருவாக்கியவர்களில் ஒருவரான முர்ரே கேம்ப்பெல் பின்னாளில் சொன்னார். போட்டியை 3½–2½ என்று டீப் ப்ளூ ஜெயித்தது. மெஷின் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு அர்த்தம் கற்பித்துக்கொள்ள நம் மனம் தயாராக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சும்மா கொடுத்துவிட்டது என்றாள். அது சரியான வார்த்தை.

வீட்டுக்கு வந்து அந்த நிலையை மட்டும் மல்கோவாவிடம் கொடுத்து மூன்று வினாடி யோசிக்கச் சொன்னேன். எச்7-ல் இருந்த சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளியது. நல்ல நகர்வு. பத்து முறை கேட்டேன், பத்து முறையும் அதேதான். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். ஏதோ லேப்டாப் கோளாறு என்று நானும் விட்டிருப்பேன். விடாமல் பிடித்து நிறுத்தியது லாக் கோப்பு. வகுப்பில் வைத்த நாளிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு ஆழத்திலும் (எத்தனை நகர்வு முன்னால் பார்க்கிறது என்பதுதான் ஆழம்) மல்கோவா என்ன நினைத்தது என்பதை எழுதி வைக்கும்படி செய்திருந்தேன். என்ஜின் எழுதுகிறவர்களுக்கு முதலில் சொல்வேன்: லாக்கை ஒருநாளும் அணைக்காதீர்கள். வட்டில் இடம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

27-வது நகர்வில் கடைசி இரண்டு வரிகள் இப்படி இருந்தன:

ஆழம் 11, மதிப்பு -312, நகர்வு எச்7-எச்6
ஆழம் 12, மதிப்பு 0, நகர்வு டி2-எஃப்2, நோடு 18,43,200

மதிப்பு என்பது ஒரு சிப்பாயை நூறாக வைத்த கணக்கு. நோடு என்பது தேடலில் அது பார்த்த நிலைகளின் எண்ணிக்கை. ஒரு குதிரை குறைவு என்பதால் ஆட்டம் முழுக்க மைனஸ் முன்னூறை ஒட்டியே போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று ஒரே ஆழத்தில் பூஜ்யம். ஐந்து இல்லை, மைனஸ் ஏழு இல்லை, சரியாகப் பூஜ்யம்.

செஸ் என்ஜினில் சரியான பூஜ்யம் தற்செயலாக வருவது அபூர்வம். காய்களை எண்ணி, இடங்களை எடைபோட்டு வரும் எண் எப்போதும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பூஜ்யம் என்றால் டிரா: ஒரே நிலை மூன்று முறை வருவது, சிப்பாய் நகராமலும் காய் வெட்டுப்படாமலும் ஐம்பது நகர்வு போவது, ராஜாவுக்குச் செக் இல்லாமலே நகர்வு தீர்ந்துபோவது, இரண்டு பக்கமும் மேட் செய்யக் காய் போதாமல் போவது. அதனால் டிரா கண்டுபிடிக்கும் பகுதியில்தான் பிழை என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு ஒரு வாரத்தைத் தின்றது.

முதலில் நகர்வுகளை உருவாக்கும் பகுதியைச் சரிபார்த்தேன். ஆரம்ப நிலையிலிருந்து எத்தனை விதமாக ஆடலாம் என்று எண்ணும் சோதனை ஒன்று உண்டு. ஒரு நகர்வுக்கு 20, இரண்டுக்கு 400, மூன்றுக்கு 8,902, நான்குக்கு 1,97,281, ஐந்துக்கு 48,65,609. எல்லாம் பொருந்தியது. அடுத்து மறுநிலை, அதாவது ஒரே நிலை திரும்ப வருவதைக் கண்டுபிடிக்கும் பகுதி. ஒவ்வொரு நிலைக்கும் 64 பிட்டில் ஓர் எண் கொடுத்து, அதே எண் முன்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம். ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் 1970-ல் எழுதிய முறை, இன்றும் பெரும்பாலான என்ஜின்களில் இருப்பது. இரண்டு வேறு நிலைகளுக்கு ஒரே எண் விழுந்துவிட்டதா? இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் வெட்டும் 'ஆன் பாசான்' விதிக்கான கட்டத்தை எண்ணில் சேர்க்க மறந்தேனா? ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மல்கோவா சரியாக ஆடியது. மாற்றத்துக்கு முன்பும் என் மேஜையில் அது சரியாகத்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஆறாம் நாள் ராத்திரிதான் இது எனக்கு உறைத்தது. தப்பு என் கண் முன்னால் நடக்கவில்லை என்றால், நான் செய்த மாற்றம் எதுவும் மருந்தா இல்லையா என்று சொல்ல வழியே இல்லை.

அதன்பிறகு பிழையைத் தேடுவதை நிறுத்திவிட்டு, பிழையை மறுபடி வரவைக்கும் வேலையை எடுத்தேன். என்ஜினுக்கு ஞாபகம் உண்டு. பார்த்த நிலைகளின் மதிப்பை ஹாஷ் டேபிளில் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த நகர்வில் எடுத்துப் பயன்படுத்தும். தனி நிலையைக் கொடுத்தால் அந்த ஞாபகம் காலி. நேரமும் அப்படித்தான். வகுப்பு லேப்டாப்பில் மூன்று வினாடியும் என் கம்ப்யூட்டரில் மூன்று வினாடியும் ஒன்றல்ல. அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு நோடுகளை எடுத்துக்கொண்டேன். முதல் நகர்வுக்கு லாக்கில் எத்தனை நோடு இருக்கிறதோ அத்தனையில் நிறுத்து, இரண்டாவதுக்கு அதில் உள்ளபடி நிறுத்து என்று, முழு ஆட்டத்தையும் வரிசையாக ஓட்டும் சின்ன ஸ்கிரிப்ட். ஹாஷ் அளவு வகுப்பில் இருந்த அதே 64 எம்பி. த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் தேடல், ஒன்றே ஒன்று. இரண்டு த்ரெட் ஓடினால் ஒவ்வொரு முறையும் வேறு விடை வரலாம்.

27-வது நகர்வில், டி2-எஃப்2.

இன்னொரு முறை ஓட்டினேன். டி2-எஃப்2. ராத்திரி ஒரு மணிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநிலை பார்க்கும் பகுதியை மொத்தமாக அணைத்துவிட்டு ஓட்டினேன். அப்போதும் யானை எஃப்2-வுக்கே போனது. ஒரு வாரம் துரத்திய சந்தேகம் இரண்டு நிமிடத்தில் விலகியது.

அப்புறம்தான் லாக்கில் முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். ஒவ்வொரு ஆழத்திலும் என்ஜின் தான் எதிர்பார்க்கும் நகர்வுகளை வரிசையாக எழுதும்: நான் இது, நீ அது, நான் இது என்று. ஆழம் 11-ல் அந்த வரிசையில் பதினோரு நகர்வு இருந்தது. ஆழம் 12-ல் டி2-எஃப்2 மட்டும். அதற்குப் பின்னால் வெறுமை. டிராவைக் கண்டிருந்தால் அந்த டிராவுக்குப் போகும் வழி இருந்திருக்குமே. யானை எடுக்கிறது, அப்புறம் என்ன நடக்கும் என்பதை மல்கோவா பார்க்கவே இல்லை.

18,43,200-ஐ 2,048-ஆல் வகுத்தேன். மீதியில்லாமல் 900. என் நிரல் 2,048 நோடுக்கு ஒருமுறைதான் மணி பார்க்கும். அப்படியென்றால் அந்தத் தேடல் முடிந்து நிற்கவில்லை. நடுவில் வெட்டப்பட்டிருக்கிறது.

வெட்டப்பட்டால் என்ன ஆகும்? நேரம் முடிந்ததும் தேடல் எல்லா மட்டத்திலிருந்தும் வெளியே வர வேண்டும். வரும்போது ஏதாவது ஓர் எண்ணைத் திருப்பித்தர வேண்டும். மூன்று வருடம் முன்பு நான் எழுதியிருந்த வரி: நேரம் முடிந்துவிட்டால் பூஜ்யத்தைத் திருப்பு. அன்றைக்கு அது பாதகமில்லை, ஏனென்றால் பாதியில் நின்ற ஆழத்தை முழுசாகத் தள்ளிவிட்டு முந்தைய ஆழத்தின் நகர்வைத்தான் ஆடுவேன். இந்த வருடம் தொடக்கத்தில் ஒரு முன்னேற்றம் செய்தேன். புது ஆழத்தில் முதல் நகர்வையாவது முழுசாகப் பார்த்துவிட்டால், அதற்குப் பின் கிடைத்ததையும் ஏற்றுக்கொள்ளலாம் என்று. பல என்ஜின்களில் இருக்கும் நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பழைய பூஜ்யம் உள்ளே இருந்ததை மறந்துவிட்டேன்.

அன்று நடந்தது இதுதான். ஆழம் 12-ல் முதலில் பார்த்தது முந்தைய ஆழம் தேர்ந்த எச்7-எச்6, மதிப்பு -318. முழுசாகப் பார்த்தாயிற்று. அடுத்தது டி2-எஃப்2, ஏனென்றால் காய் வெட்டும் நகர்வுகளை முன்னால் பார்க்கும்படி வரிசைப்படுத்தியிருக்கிறேன். அதற்குள் நுழைந்ததும் நேரம் முடிந்தது. "தெரியாது" என்று சொல்ல அதற்கு ஒரு வார்த்தையை நான் கொடுத்திருக்கவில்லை. பூஜ்யத்தைத்தான் கொடுத்திருந்தேன். பூஜ்யத்துக்கு செஸ்ஸில் "சமம்" என்று அர்த்தம். மூன்று சிப்பாய் அளவுக்குப் பின்தங்கியிருப்பவனுக்குச் சமம் என்பது வரப்பிரசாதம். மல்கோவா யானையைத் தூக்கி எஃப்2-வில் வைத்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகு மற்றவை தானாக விளங்கின. மல்கோவா முன்னிலையில் இருந்தால் பூஜ்யம் அதற்கு நஷ்டம், எடுத்துக்கொள்ளாது. பின்தங்கியிருக்கும்போதுதான் ஆசைப்படும். தட்டுவடையைக் கடித்துக்கொண்டே அந்தப் பெண் அன்றைக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: "தோத்துட்டு இருக்கறப்பதாங்கண்ணா இப்படி ஆடுது." நான் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அந்த வாரம் மிச்சம். குதிரை குறைவாக ஆடுவதால் வகுப்பில் மல்கோவா எப்போதும் பின்தங்கியே இருந்தது. என் சோதனைகளோ சமமான நிலையில் தொடங்கி, ஆழம் 8 என்று வைத்து, கடிகாரமே இல்லாமல் ஓடியவை. பிழை வரக்கூடிய இரண்டு வாசலையும் என் சோதனையில் நானே அடைத்து வைத்திருக்கிறேன்.

ஏன் ஒவ்வொரு ஆட்டத்திலும் வரவில்லை என்பதற்கும் பதில் இருந்தது. ஒதுக்கிய நேரத்தில் பாதி போய்விட்டால் அடுத்த ஆழத்தையே தொடங்காதே என்று ஒரு விதி வைத்திருந்தேன். அதனால் நடுவில் வெட்டுப்படுவது எப்போதாவதுதான். எப்போதாவது வரும் பிழைக்குத்தான் ஆயுள் அதிகம்.

உச்சி மட்டத்தில், நேரம் முடிந்த பிறகு வந்த விடையை ஏற்காதே என்று ஒரு வரி சேர்த்தேன். ஸ்கிரிப்டை ஓட்டினேன். எச்7-எச்6. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. இந்த முறை கடிகாரத்தோடு, ஒரு பக்கம் குதிரை குறைத்து, ராத்திரி முழுக்க நாற்பது ஆட்டம் அதையே அதோடு ஆடவிட்டேன். அடுத்தடுத்த ஆழங்களில் மதிப்பு திடீரெனப் பூஜ்யத்தை நோக்கித் தாவும் இடங்களை மட்டும் லாக்கிலிருந்து பொறுக்கினேன். ஓர் இடம் அகப்பட்டது. -290-லிருந்து ஒரே தாவலில் 0. ஆனால் இங்கே வரிசையில் நான்கு நகர்வு இருந்தது, தேடலும் வெட்டுப்படவில்லை. யானை போகவில்லை, ஒரு சிப்பாய்தான் போனது. முதல் பிழையின் தம்பி மாதிரி இருந்தது, ஆனால் முகம் வேறு.

அதை வைத்துக் குழம்பிக்கொண்டிருந்த சாயங்காலம் கரண்ட் போனது. கீழே தறிச் சத்தம் சட்டென்று அடங்கியது. மாடியிலிருந்து இறங்கினேன். ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா பாதி தூரத்தில் பாவு நூல்களுக்குள் நின்றிருந்தது. கரண்ட் வந்ததும் அப்பா ஸ்விட்சைப் போடவில்லை. தறியைக் கையால் பின்னுக்குத் தள்ளி, பாதி ஓடிய ஊடை நூலை உருவி எடுத்தார். விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் ஓட்டினார். சின்ன வயதிலிருந்து பார்ப்பதுதான். உருவாமல் ஓட்டினால் அந்த இடத்தில் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும், அந்த வேட்டியை ரெண்டாம் தரத்தில்தான் போடுவார்கள். "இந்தப் பாதி இழைதான்ப்பா மோசம். அறுந்ததுகூடக் கண்ணுக்குத் தெரிஞ்சிடும்" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமலே.

மேலே போய் ஹாஷ் டேபிளில் எழுதும் வரியைத் திறந்தேன். உச்சி மட்டத்தில் மட்டும்தான் பாதி விடையைத் தள்ளியிருந்தேன். ஆனால் தேடல் ஏழெட்டு மட்டம் கீழே இருக்கும்போது நேரம் முடிகிறது. ஒவ்வொரு மட்டமும் கீழிருந்து வந்த பூஜ்யத்தை வாங்கி, அதை வைத்துத் தன் மதிப்பைக் கணக்கிட்டு, "இந்த நிலை சமம், ஆழம் 5 வரை பார்த்தாயிற்று" என்று டேபிளில் எழுதிவிட்டுத்தான் மேலே வருகிறது. உச்சியில் அந்த விடையை நான் குப்பையில் போடுகிறேன். டேபிளில் எழுதியது அப்படியே இருக்கிறது. அடுத்த நகர்வில் தேடல் அதைப் படித்து நம்புகிறது. ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் டேபிளைக் காலி செய்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டினேன். தாவல் மறைந்தது. சந்தேகம் தீர்ந்தது.

காலி செய்வதையே தீர்வாக வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்தால் பிழை கண்ணில் படாது, ஆனால் என்ஜின் ஒவ்வொரு நகர்விலும் சேர்த்த ஞாபகத்தை இழக்கும். சரியான இடம் உள்ளே இருக்கிறது. கீழ் மட்டத்திலிருந்து திரும்பி வந்த அடுத்த கணமே நேரம் முடிந்ததா என்று பார். முடிந்திருந்தால் எதையும் ஒப்பிடாதே, எதையும் எழுதாதே, அப்படியே வெளியேறு. ஒரே ஒரு வரி. எழுதிவிட்டு மறுபடி நாற்பது ஆட்டம், பிறகு நானூறு. ஒரு தாவலும் இல்லை.

இப்போது அந்த இரண்டு ஆட்டமும் நோடு எண்ணிக்கையோடு ஒரு கோப்பில் இருக்கின்றன. நிரலில் எதை மாற்றினாலும் முதலில் அவை ஓடும். ஆழம் 8 சோதனையை விடவில்லை, ஆனால் பாதி ஆட்டங்களைத் தோற்கும் நிலையிலிருந்து, கடிகாரத்தோடு தொடங்குகிறேன். ஒரு பக்கம் என்ன ஆடுகிறது என்பதைவிட, என்ன எண்ணைச் சொல்லிக்கொண்டு ஆடுகிறது என்பதை அதிகம் பார்க்கிறேன். நகர்வு தப்பாகத் தெரியும் முன்பே பல சமயம் அந்த எண் தப்பாகிவிடுகிறது.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. அந்தப் பெண் மல்கோவாவிடம் பதினோரு ஆட்டம் ஜெயித்திருந்தாள். ஜெயித்த ஒவ்வொன்றுக்கும் நோட்டில் நட்சத்திரம் போட்டிருந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று மாஸ்டர் நினைத்தார், குழந்தை மனசு வாடும் என்று. நான்கு நாள் யோசித்துவிட்டு, சொல்லிவிடலாம் என்றேன். தப்பை முதலில் கண்டுபிடித்தவளே அவள்தான்.

அடுத்த ஞாயிறு லேப்டாப்பையும் அவள் நோட்டையும் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். பூஜ்யம் எங்கிருந்து வந்தது, மல்கோவா அதை ஏன் நம்பியது என்று. கவனமாகக் கேட்டாள். "அப்ப இதுல எத்தனை நெசமா நான் ஜெயிச்சதுங்கண்ணா?" என்றாள். லாக்கை ஒவ்வொரு ஆட்டமாகத் தேடினோம். நான்கில் அந்தப் பூஜ்யம் இருந்தது. பென்சிலை எடுத்து மூன்று நட்சத்திரத்தை அவளே அடித்தாள். நான்காவதில் கை நின்றது.

"இது என்னோடதுதாங்கண்ணா. அது யானையைக் கொடுக்கறதுக்கு முன்னாடியே நான் மந்திரியை எடுத்துட்டேன். பாருங்க."

பார்த்தேன். முந்தைய ஆழத்தில் மதிப்பு -640. அவள் சொன்னது சரி. அந்த நட்சத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, நோட்டை மூடி, "குதிரையை எடுக்காதீங்க, இன்னைக்கு முழுசா ஆடறேன்" என்று பலகையைத் திருப்பி வைத்தாள்.